மீன்தொட்டி வழியும் முன் பம்ப் தானாக நிற்க: வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே சம்ப் (மேல்தொட்டி நீர் வடிந்து சேரும் அடித்தொட்டி) வைத்த மீன்தொட்டியில் தண்ணீர் தரைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் நிற்க வேண்டிய பம்ப் ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மிதவை சுவிட்ச், ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கி வேறொரு சர்க்யூட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), 12 வோல்ட் அடாப்டர் ஆகியவற்றை வைத்து அதை நிறுத்துவது பற்றிய கேள்விகள் இவை. மெயின் மின்சாரத்தில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் 12 வோல்ட் பகுதியைத் தாங்களே கட்டிவிட்டு, மெயின் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தண்ணீர் எந்தெந்த வழியில் வழிகிறது? ஒரே சுவிட்ச் எல்லாவற்றையும் தடுக்குமா?

தடுக்காது. வழிவதற்கு நான்கு வழிகள் உண்டு, நான்குக்கும் மருந்து வேறு.

முதலாவது, மேல்தொட்டியின் வடிகால் அடைத்துக்கொள்வது. வடிகால் வாயில் உள்ள பல் தடுப்பான ஓவர்ஃப்ளோ சீப்பில் ஒரு இலையோ நத்தையோ போய் உட்கார்ந்தால் போதும். தண்ணீர் கீழே இறங்காது, சம்ப் நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, ஆவியான நீரை ஈடுகட்டும் தானியங்கி நிரப்பி நிற்காமல் ஓடுவது. இதை இனி ஏடிஓ என்போம். மூன்றாவது, ஆர்ஓ வடிகட்டியிலிருந்து டிரம்மை நிரப்ப விட்டுவிட்டு மறந்துபோவது. நான்காவது, கரண்ட் போன நொடியில் மேல்தொட்டித் தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியாகவே சைஃபனாகி (பம்ப் இல்லாமலே தானாக இழுபட்டு இறங்கி) சம்ப்பை நிரப்பி வழிவது.

முதல் மூன்றுக்கும் மின் தடுப்பு உதவும். நான்காவது நடக்கும்போது பம்ப் ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறது. அங்கே ரிலேக்கு வேலையே இல்லை. ஆகவே வயரை எடுப்பதற்கு முன், எவ்வளவு தண்ணீர் கீழே வரும் என்ற கணக்கை முடித்துவிடுங்கள்.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 120 × 50 செ.மீ. தொட்டியில் வாய் 3 செ.மீ. கீழே இருந்தால் 120 × 50 × 3 = 18,000 கன செ.மீ., அதாவது 18 லிட்டர் கீழே வரும். சம்ப் 90 × 40 செ.மீ. என்றால் அந்த 18 லிட்டர் அதன் மட்டத்தை 5 செ.மீ. உயர்த்தும். குழாய்க்குள்ளும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து வரும் என்பதால், ஓடும்போது சம்ப்பில் குறைந்தது 8 செ.மீ. காலியாக இருக்கட்டும்.

இடம் போதவில்லையென்றால் வாயை மேலே தூக்குங்கள், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் 3–4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அந்தத் துளையை அடைக்கும். கண்ணாடி துடைக்கும்போது ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்ப வேண்டாம். அதன் மடலில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால் மூடாது.

மிதவை சுவிட்சிலேயே பம்பின் வயரைக் கொடுத்தால் என்ன?

கொடுக்கக் கூடாது, இரண்டு காரணங்களுக்காக. அந்தச் சிறு மிதவைக்குள் இருப்பது ரீட் சுவிட்ச்: கண்ணாடிக் குழலுக்குள் மெல்லிய இரண்டு உலோக நாக்குகள். மிதவையில் உள்ள காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். இவை பொதுவாக 10 வாட், 0.5 ஆம்ப் அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. பம்ப் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டமும் நிற்கும்போது கிளம்பும் மின்னழுத்தத் தெறிப்பும் நாக்குகளைப் பற்றவைத்துவிடும். அதன் பிறகு மிதவை ஏறினாலும் இறங்கினாலும் பம்ப் ஓடும். நீங்கள் மாட்டிய பாதுகாப்பு வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

இரண்டாவது காரணம் உயிர். மெயின் வோல்டேஜ் ஓடும் வயரைத் தண்ணீருக்குள் இறக்குகிறீர்கள். தண்ணீரைத் தொடும் எந்த வயரிலும் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த 12 வோல்ட்டும் மெயினிலிருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்ட அடாப்டரிலிருந்து வர வேண்டும்.

மட்டம் ஏறினால் சர்க்யூட் மூடுவதா, திறப்பதா?

திறக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் இந்த ஒரு முடிவில்தான் நிற்கிறது.

மட்டம் ஏறியதும் சர்க்யூட் மூடி, ரிலே இழுத்து, பம்பை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எலி ஒன்று வயரைக் கடித்துவிட்டால்? அடாப்டர் செத்துப்போனால்? இணைப்பில் உப்பு பூத்துத் துண்டித்தால்? ரிலேக்குச் செய்தியே போகாது, பம்ப் நிம்மதியாக ஓடும். தடுப்பு செத்துக் கிடப்பது வழிகிற நாளில்தான் தெரியவரும்.

மாற்றிக் கட்டுங்கள். மிதவை கீழே இருக்கும்போது சர்க்யூட் மூடியிருக்கட்டும், ரிலே இழுத்தபடியே இருக்கட்டும். பம்பின் கரண்ட் அந்த ரிலேயின் என்.ஓ. காண்டாக்ட் வழியாக, அதாவது ரிலே இழுத்தால் மட்டுமே ஒட்டும் முனை வழியாகப் போகட்டும். மட்டம் ஏறினாலும், வயர் அறுந்தாலும், ஃப்யூஸ் போனாலும், அடாப்டர் எரிந்தாலும் விளைவு ஒன்றே: ரிலே விடும், பம்ப் நிற்கும். "எல்லாம் சரி" என்று ஒவ்வொரு பாகமும் சொன்னால்தான் பம்புக்கு ஓட அனுமதி.

என்னென்ன பாகங்கள் வேண்டும்?

12 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர் ஒன்று. உறை இரட்டை இன்சுலேஷன் குறியுடன், நம்பகமானதாக. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெபாசிட்டரால் வோல்டேஜைக் குறைக்கும் மலிவுச் சர்க்யூட் இங்கே கூடவே கூடாது, அது மெயினோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. மிதவை சுவிட்ச் இரண்டு. 12 வோல்ட் காயில் (ரிலேயை இழுக்கும் மின்காந்தச் சுருள்) கொண்ட, இரண்டு துருவ (இரண்டு தனிக் காண்டாக்டுகள் உள்ள), எட்டு முனைச் சிறு ரிலே ஒன்று, சாக்கெட்டுடன். 12 வோல்ட் காயில், 250 வோல்ட் ஏசிக்கு 10 ஆம்ப் அல்லது அதற்கு மேல் தாங்கும் ஒற்றைத் துருவ ரிலே ஒன்று, அதுவும் சாக்கெட்டுடன். 1என்4007 டையோட் இரண்டு. 1 ஆம்ப் ஃப்யூஸ் 12 வோல்ட் பக்கத்துக்கு, 3 ஆம்ப் ஃப்யூஸ் மெயின் பக்கத்துக்கு. பச்சை அழுத்து பொத்தான், 12 வோல்ட் பஸர், தூசியும் நீரும் புகாத ஐபி65 பிளாஸ்டிக் பெட்டி, வயர் நுழையும் துளையை இறுக்கி மூடும் கேபிள் கிளாண்டுகள், பம்பைச் செருக ஒரு சாக்கெட்.

ஏன் இரண்டு ரிலே? இரண்டு துருவ ரிலே ஒன்றே போதாதா?

எண்ணிக்கைப்படி போதும், பாதுகாப்புப்படி போதாது. ஒரே சிறு ரிலேயில் ஒரு துருவத்தில் 230 வோல்ட்டும் பக்கத்துத் துருவத்தில் தண்ணீருக்குப் போகும் 12 வோல்ட்டும் ஓடினால், இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக். காயிலுக்கும் காண்டாக்டுக்கும் இடையே வைக்கும் அளவுக்கு வலுவான தடுப்பை எல்லாச் சிறு ரிலேயும் துருவத்துக்கும் துருவத்துக்கும் இடையே வைப்பதில்லை.

அதனால் வேலையைப் பிரித்துவிடுவோம். சிறு ரிலேயின் இரு துருவங்களிலும் 12 வோல்ட் மட்டும். இதைக் காவல் ரிலே என்போம். பெரிய ரிலேயின் காண்டாக்டில் மெயின் மட்டும். இது பவர் ரிலே. பவர் ரிலே வாங்கும்போது காயிலுக்கும் காண்டாக்டுக்கும் இடையே 4,000 வோல்ட் தாங்குமா, 8 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அதன் விவரத்தாளில் பாருங்கள்.

சரி, எந்த வயர் எங்கே போகிறது?

எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

1. அடாப்டரின் பிளஸ்ஸிலிருந்து 1 ஆம்ப் ஃப்யூஸ். ஃப்யூஸுக்குப் பிறகு வரும் புள்ளியைப் பொதுப் பிளஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. பொதுப் பிளஸ்ஸிலிருந்து முதல் மிதவை, அதன் மறு வயரிலிருந்து இரண்டாவது மிதவை, அங்கிருந்து காவல் ரிலேயின் காயில். காயிலின் மறுமுனை அடாப்டரின் மைனஸ்ஸுக்கு. மிதவைகள் எத்தனை இருந்தாலும் இப்படித் தொடராகவே கோர்க்க வேண்டும். பக்கப்பக்கமாக இணைத்தால் ஒன்று திறந்தாலும் மற்றது காயிலைப் பிடித்துக்கொள்ளும்.

3. காவல் ரிலேயின் இரண்டாம் துருவம்: பொது முனைக்குப் பொதுப் பிளஸ். என்.ஓ. முனையிலிருந்து பவர் ரிலேயின் காயில், அதன் மறுமுனை மைனஸ். என்.சி. முனையிலிருந்து, அதாவது ரிலே விட்டிருக்கும்போது ஒட்டும் முனையிலிருந்து, பஸரின் பிளஸ், பஸரின் மைனஸ் மைனஸ்ஸுக்கு. பம்ப் ஓட அனுமதி இருக்கும் வரை பஸர் மௌனம், அனுமதி போனதும் கத்தும்.

4. இரண்டு காயிலுக்கும் குறுக்கே தலா ஒரு டையோட். வெள்ளிக் கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸை நோக்கி.

5. மெயின்: ஃபேஸ் வயர் 3 ஆம்ப் ஃப்யூஸ் வழியாகப் பவர் ரிலேயின் பொது முனைக்கு, என்.ஓ. முனையிலிருந்து சாக்கெட்டின் ஃபேஸுக்கு. நியூட்ரலும் எர்த்தும் நேராகச் சாக்கெட்டுக்கு.

பெரும்பாலான எட்டு முனைச் சிறு ரிலேக்களில் 13, 14 காயில். 9, 12 பொது. 5, 8 என்.ஓ.; 1, 4 என்.சி. எண்ணை மட்டும் நம்பாமல் ரிலேயின் பக்கவாட்டில் அச்சிட்ட படத்தையும் பாருங்கள். உள்ளே எல்இடியோ டையோடோ உள்ள வகையில் காயிலுக்குப் பிளஸ், மைனஸ் திசை உண்டு.

ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டினால் பம்ப் நின்றாலும் அதற்குள் ஃபேஸ் உயிரோடு இருக்கும். திருப்பிச் செருகக்கூடிய பிளக் புழங்கும் இடங்களில் எது ஃபேஸ் என்று உறுதியில்லை. அங்கே இரண்டு வயரையும் வெட்டும் இரட்டைத் துருவப் பவர் ரிலேதான் சரி.

டையோட் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஒரு வருடம் நன்றாக வேலை செய்யும். காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென வெட்டும்போது அதன் காந்தப்புலம் சரிந்து, 12 வோல்ட் சர்க்யூட்டிலேயே நூற்றுக்கணக்கான வோல்ட் தெறிக்கும். ஒவ்வொரு முறையும் மிதவைக்குள் இருக்கும் ரீட் நாக்குகளுக்கு இடையே ஒரு பொறி. அந்தப் பொறிதான் பிறகு நாக்குகளை ஒட்டவைக்கிறது. டையோட் அந்தத் தெறிப்பைக் காயிலுக்குள்ளேயே சுற்றவிட்டு அடக்கிவிடும். திருப்பி மாட்டினால் நேர் ஷார்ட்: ஃப்யூஸ் போகும், சில நேரம் டையோடும் போகும்.

மிதவை தலைகீழாக வேலை செய்கிறதே?

மல்டிமீட்டரைப் பீப் ஒலி வரும் நிலையில் வைத்து இரண்டு வயரிலும் பிடியுங்கள். மிதவை கீழே இருக்கும்போது பீப் வர வேண்டும், தூக்கினால் நிற்க வேண்டும். எதிர்மாறாக இருந்தால் சுவிட்சைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. தண்டின் நுனியில் உள்ள சின்னக் கிளிப்பைக் கழற்றி, மிதவையை உருவி, தலைகீழாகத் திருப்பிப் போட்டுக் கிளிப்பை மாட்டுங்கள். காந்தம் மிதவையின் ஒரு ஓரமாக இருப்பதால் திருப்பினால் செயல் மாறும். பக்கவாட்டில் மாட்டும் வகை என்றால் உடலை 180 பாகை சுழற்றினால் போதும். அந்தக் கிளிப் விரலிலிருந்து தெறித்துச் சம்ப்புக்குள் போவது வழக்கம். ஒரு கிண்ணத்தின் மேல் வைத்துக் கழற்றுங்கள்.

மிதவையை எங்கே, எந்த உயரத்தில் வைப்பது?

முதல் மிதவை மேல்தொட்டியில், ஓடும்போது இருக்கும் மட்டத்துக்கு 1.5 முதல் 2 செ.மீ. மேலே. விளிம்புக்கு அதன்பின் குறைந்தது 1 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். இரண்டாவது சம்ப்பில். ஆனால் கரண்ட் போய் வரும்போது பின்வாங்கும் தண்ணீர் சம்ப்பை உயர்த்தும் என்று மேலே பார்த்தோம். சம்ப் மிதவை அந்த உயரத்துக்கும் மேலேதான் இருக்க வேண்டும். கீழே வைத்தால் கரண்ட் திரும்பியதும் "சம்ப் நிரம்பிவிட்டது" என்று பம்பைக் கிளம்பவே விடாது. பம்ப் கிளம்பினால்தான் சம்ப் இறங்கும், சம்ப் இறங்கினால்தான் பம்ப் கிளம்பும். இப்படிச் சிக்கிக்கொண்ட தொட்டிகள் நிறைய. சம்ப் மிதவையை ஏடிஓவுக்கு மட்டும் தனிப் பெட்டியாகக் கொடுத்தால் இந்தச் சிக்கலே வராது, அதையே பரிந்துரைக்கிறோம்.

மிதவையைத் திறந்த நீரில் விடாதீர்கள். அலையில் ஆடும், நத்தை ஏறும், மீன் இடிக்கும். 32 மி.மீ. பிவிசி குழாயில் 10 செ.மீ. துண்டு வெட்டி, அடியில் மெல்லிய பிளவுகள் போட்டு, மிதவையை அதற்குள் தொங்கவிடுங்கள். மேல்மூடியில் ஒரு காற்றுத் துளை கட்டாயம். துளை இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று தண்ணீரை ஏறவிடாது; வெளியே விளிம்பு வரை வந்தாலும் மிதவை அசையாது. கண்ணாடி துடைக்கும் காந்தத் தேய்ப்பானை மிதவைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், அதன் காந்தம் ரீட் சுவிட்சை ஒட்டியபடியே பிடித்து வைக்கும்.

பம்ப் நின்று, ஓடி, நின்று, ஓடி என்று ஆடுகிறது. என்ன செய்வது?

வடிகால் அடைத்திருக்கிறது. மட்டம் ஏறி மிதவை தூக்குகிறது, பம்ப் நிற்கிறது. நின்றதும் தண்ணீர் ரிட்டர்ன் வழியாகப் பின்வாங்குகிறது, மிதவை இறங்குகிறது, மறுபடி ஓடுகிறது. நிறுத்திய பிறகு நின்றபடியே இருக்க வேண்டுமென்றால் தற்பிடிப்பு வேண்டும்.

மிதவைகளுக்கும் காவல் காயிலுக்கும் நடுவே வயரை வெட்டி அங்கே பச்சை பொத்தானை வையுங்கள், அழுத்தினால் ஒட்டும் வகை. பொத்தானின் இரு முனைகளுக்கும் பக்கமாகக் காவல் ரிலேயின் முதல் துருவத்தைப் பொது, என்.ஓ. என இணையுங்கள். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ரிலே இழுக்கும். இழுத்ததும் தன் காண்டாக்ட் வழியாகத் தன்னையே பிடித்துக்கொள்ளும். மிதவை ஒரு நொடி திறந்தாலும் பிடி விட்டுவிடும். பிறகு யாராவது வந்து அழுத்தும் வரை எதுவும் ஓடாது.

பிரச்சினை இதிலேயே இருக்கிறது. கரண்ட் ஒரு நொடி போய்வந்தாலும் பிடி விடும். ஏடிஓவுக்கும் ஆர்ஓவுக்கும் அது நல்லதே, ஒரு நாள் நீர் ஏறாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. ரிட்டர்ன் பம்புக்கு அது ஆபத்து: நீங்கள் ஊரில் இல்லாதபோது இரவு இரண்டு நிமிடம் கரண்ட் போனால், அதன் பிறகு வடிகட்டலும் இல்லை, காற்றும் இல்லை. தரை நனையாது, மீன் சாகும்.

எனவே எங்கள் தீர்ப்பு: ஏடிஓ, ஆர்ஓ இரண்டுக்கும் தற்பிடிப்பு, ரிட்டர்ன் பம்புக்குத் தற்பிடிப்பு வேண்டாம், அதற்குப் பதிலாகத் தாமத ரிலே. காவல் ரிலேயின் இடத்தில் "ஆன் டிலே" வகை 12 வோல்ட் டைமர் ரிலேயை வைத்து 2 நிமிடம் கொடுங்கள். மிதவை திறந்தவுடன் விட்டுவிடும், மூடி 2 நிமிடம் தொடர்ந்து மூடியே இருந்தால்தான் மறுபடி இழுக்கும். அலையில் மிதவை துள்ளினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அடைத்த வடிகாலோடு பம்ப் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கும், பஸர் கத்தும், தரை நனையாது, மீனுக்குக் கொஞ்சமாவது நீரோட்டம் கிடைக்கும்.

ஏடிஓவுக்கு ஏற்கெனவே கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

தொட வேண்டாம். அதன் அடாப்டரைக் கொண்டுவந்து உங்கள் காவல் பெட்டியின் சாக்கெட்டில் செருகுங்கள். தினமும் பல முறை இயங்குவது ஏடிஓவின் சொந்தச் சுவிட்ச், தேய்வதும் ஒட்டிக்கொள்வதும் அதுதான். மாதத்துக்கு ஒருமுறை சோதனையில் மட்டும் அசையும் பவர் ரிலே நல்ல நிலையில் காத்திருக்கும். தினசரி வேலையையும் பாதுகாப்பையும் ஒரே ரிலேயில் வைத்தால், ஒட்டும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

பாதுகாப்பு மிதவை ஏடிஓவின் வேலை மட்டத்துக்கு 2–3 செ.மீ. மேலே இருக்கட்டும். இரண்டும் ஒரே வகைச் சுவிட்சாக, ஒரே கிளாம்பில் இருந்தால் ஒரே நத்தை இரண்டையும் அமுக்கும், கிளாம்ப் நழுவினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். தினசரிக்கு ஒளி உணரி, பாதுகாப்புக்கு மிதவை என்று வகையை மாற்றி, தனித்தனியாக மாட்டுங்கள்.

நேர வரம்பும் வையுங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஏற்றும் பம்ப், ஒரு முறைக்கு அரை லிட்டர் போடுகிறதென்றால் 15 நொடியில் முடிகிறது. 1 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடினால் ஏதோ தவறு, டைமர் வெட்டட்டும்.

மேல்தொட்டி மிதவை திறந்தால் ஏடிஓவும் நிற்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வடிகால் அடைத்ததும் சம்ப்பின் மட்டம் இறங்கும். "தண்ணீர் ஆவியாகிவிட்டது" என்று நம்பி ஏடிஓ நல்ல தண்ணீரை ஊற்றும், ரிட்டர்ன் பம்ப் அதையும் மேலே ஏற்றும். கடல்நீர்த் தொட்டி என்றால் உப்பும் போச்சு: 1,000க்கு 35 பங்கு உப்புள்ள 200 லிட்டரில் 20 லிட்டர் நல்ல தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்தால் அது ஏறத்தாழ 31.8 ஆகும். உப்புநீர் தரையில் வழிந்து நல்ல தண்ணீர் அந்த இடத்தை நிரப்பினால் இன்னும் கீழே போகும். இதற்காக மேல்தொட்டியில் ஏடிஓ பெட்டிக்கென்று தனி மிதவை ஒன்றை மாட்டி, அந்தப் பெட்டியின் தொடரில் சேர்த்துவிடுங்கள்.

பம்ப் நின்ற பிறகும் ஏடிஓ குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. ரிலே ஒட்டிவிட்டதா?

இல்லை, சைஃபன். நல்ல தண்ணீர் டிரம் சம்ப்பின் மட்டத்தைவிட உயரத்தில் இருந்து, குழாயின் நுனி சம்ப் நீருக்குள் மூழ்கியிருந்தால், ஒருமுறை பம்ப் இழுத்துவிட்ட பிறகு கரண்ட் தேவையே இல்லை. நுனியை நீருக்கு 5 செ.மீ. மேலே கட்டுங்கள். டிரம்மின் மட்டம் நுனியைவிட உயரமாக இருந்தால் அதுவும் போதாது. குழாயின் உச்ச வளைவில், டிரம்மின் நிரம்பிய மட்டத்துக்கு மேலே, 2 மி.மீ. துளை ஒன்று வேண்டும். பம்ப் ஓடும்போது துளையில் கொஞ்சம் சிந்தும், அதை டிரம்முக்குள்ளேயே விழும்படி திருப்பி வையுங்கள்.

ஆர்ஓ டிரம்முக்கு இதே பெட்டி போதுமா?

போதும், பம்புக்குப் பதில் சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு. கரண்ட் இருந்தால் மட்டும் திறக்கும் வகையை வாங்கி, வடிகட்டிக்கு வரும் தண்ணீர்க் குழாயில், மெம்பிரேனுக்கு முன்பே மாட்டுங்கள். நல்ல தண்ணீர் வெளிவரும் குழாயில் மாட்டினால் நல்ல தண்ணீர் நிற்கும், கழிவுநீர் மட்டும் நாள் முழுக்க ஓடும். 12 வோல்ட் வால்வு 0.3 முதல் 0.5 ஆம்ப் வரை இழுக்கும் என்பதால் மிதவை வழியாக நேராக ஓட்டாமல் பவர் ரிலேயின் வழியாகவே கொடுங்கள், அதன் காயிலுக்கும் ஒரு டையோட். அந்தப் பவர் ரிலேயில் மெயினைச் சேர்க்க வேண்டாம்.

டிரம் நிரம்பி மூடியதும் ஒரு டம்ளர் எடுத்தால் மறுபடி திறப்பது என்ற அமைப்பு கெடுதல். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதலில் வரும் தண்ணீரில் கரைந்த உப்பு அதிகம். டிரம் முக்கால்வாசி காலியான பிறகு பொத்தானை அழுத்தி ஒரே மூச்சில் நிரப்புங்கள்; தற்பிடிப்பு அதற்கும் பயன்படுகிறது.

சாலிட் ஸ்டேட் ரிலே அல்லது வைஃபை பிளக் வைக்கலாமா?

சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது அசையும் பாகமில்லாத மின்னணு ரிலே, சத்தமில்லாதது, தேயாதது. ஆனால் பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் பழுதாகும், அதாவது பம்ப் ஓடியபடியே. இந்த வேலைக்கு அது நேர் எதிர். வைஃபை பிளக் உங்களுக்குச் செய்தி அனுப்ப நல்லது. ரௌட்டர் தொங்கிப்போனால் நிற்காத ஒன்றிடம் தண்ணீரை ஒப்படைக்க முடியாது.

டிசி ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர், ஹீட்டர்?

டிசி பம்பில் கன்ட்ரோலருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள வயரை வெட்டாதீர்கள், கன்ட்ரோலர் கெடும். அதன் அடாப்டரை உங்கள் சாக்கெட்டில் செருகுங்கள். ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிச் செருகி, அது பழைய வேகத்தில் தானாக ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் அழுக்குக் கிண்ணம் வெளிப்பாத்திரத்தில் வடிகிறதென்றால் அந்தப் பாத்திரத்தில் ஒரு மிதவை, அதற்குத் தற்பிடிப்புப் பெட்டி. ஹீட்டரை இந்தப் பெட்டியில் சேர்க்க வேண்டாம்.

பெட்டியை எங்கே மாட்டுவது? வேறு பாதுகாப்பு?

தொட்டிக்கு நேர் கீழே கூடாது, சம்ப் அலமாரிக்குள்ளும் கூடாது. உப்புக் காற்று ஆறு மாதத்தில் திருகுகளைப் பச்சையாக்கிவிடும். பக்கச் சுவரில், நீர்மட்டத்தைவிட உயரமாக மாட்டுங்கள். கிளாண்டுகள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பெட்டிக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வயரைப் பிடித்து வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். பெட்டிக்குள் 12 வோல்ட் வயர்கள் ஒரு பக்கம், மெயின் வயர்கள் மறுபக்கம். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

தொட்டிக்குப் போகும் மொத்தக் கரண்டும் 30 மில்லிஆம்ப் ஆர்சிடி (மின்கசிவு வந்ததும் கரண்டை வெட்டும் பாதுகாப்புச் சுவிட்ச்) வழியாகப் போக வேண்டும். முடிந்தால் இரண்டு ஆர்சிடி, ஹீட்டருக்குத் தனி, பம்புக்குத் தனி. ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டு ஆர்சிடி விழும்போது நீரோட்டமும் சேர்ந்து நின்றுவிடாமல் இருக்கும்.

எப்படிச் சோதிப்பது?

மிதவையை விரலால் தூக்குங்கள், பம்ப் உடனே நிற்க வேண்டும். பிறகு மிதவையின் ஒரு வயரைப் பெட்டியில் கழற்றுங்கள், அப்போதும் நிற்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டரைப் பிடுங்குங்கள், அப்போதும். இந்த மூன்றாவதில் பஸர் கத்தாது, அதற்கும் கரண்ட் அதே அடாப்டரிலிருந்துதான் வருகிறது. கடைசியாக மெயினை அணைத்துவிட்டுப் போடுங்கள். ரிட்டர்ன் பம்ப் தாமதத்துக்குப் பின் தானாகக் கிளம்ப வேண்டும், ஏடிஓ கிளம்பக் கூடாது.

இவை தேறியதும் அசல் சோதனை: பக்கத்தில் நின்றுகொண்டு ஓவர்ஃப்ளோ சீப்பை ஒரு துணியால் அடையுங்கள். மட்டம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதச் சோதனையில் தண்ணீர் அந்த டேப்பைத் தாண்டினால் மிதவை ஒட்டுகிறது, அல்லது கிளாம்ப் நழுவியிருக்கிறது.

பம்ப் நின்றாலும் சாக்கெட்டில் டெஸ்டர் எரிகிறதே?

பவர் ரிலேயின் காண்டாக்டுக்குக் குறுக்கே ஸ்னப்பர் (பொறியை அடக்க ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்தது) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 7 மில்லிஆம்பைக் கசியவிடும். சிறு பம்ப் முனகுவதற்கும் டெஸ்டர் எரிவதற்கும் அது போதும். ஸ்னப்பரைப் பம்பின் பக்கத்துக்கு, அதாவது சாக்கெட்டின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மாற்றுங்கள். 100 ஓம் ரெசிஸ்டர், எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர். ஸ்னப்பர் இல்லாமலே எரிகிறதென்றால் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டியிருக்கிறீர்கள். பம்பும் நிற்காமல் ஓடினால் காண்டாக்ட் ஒட்டிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, சாக்கெட்டிலிருந்து பம்பையும் கழற்றிவிட்டு, ரிலேயின் பொது முனைக்கும் என்.ஓ. முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். பீப் வந்தால் ரிலேயை மாற்றுங்கள், தட்டிச் சரிசெய்யாதீர்கள்.

மிதவையை எப்படிச் சுத்தம் செய்வது?

மாதச் சோதனையின்போதே கழற்றி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்ததில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பழைய பல் துலக்கியால் தண்டைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, மிதவை தன் எடையிலேயே மேலும் கீழும் தடையின்றி வழுக்குகிறதா என்று கையில் ஆட்டிப் பாருங்கள். திருப்பி மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஒரு பீப் கேட்டுவிடுங்கள்; கழுவும்போது மிதவையைத் தலைகீழாகப் போட்டுவிடுவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும்.